லியோனியின் இருதயம்

பார்லமென்ற் வீதிக்குப் பின்னால் இருந்த அந்தச் செங்கல் வீட்டுக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ரொறொன்ரோவின் ஜனவரி அப்படித்தான். பகல் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

சாமான் கட்ட உதவிக்கு வந்த அன்புராசா தன் வான் வண்டியைப் பனிக்குவியலோடு ஒட்டி நிறுத்தினார். ஜூலியஸ் பின் சீற்றிலிருந்து மகள் அனோஜாவை இறக்கினான். நாலு வயது. வழக்கமாக அவளைப் பார்த்துக்கொள்ளும் றோஸ்மேரி அக்காவுக்கு அன்று பல்வலி.

“செத்த வீட்டுக்குப் பிள்ளையோடை வாறாய், ஐசே.”

“வேற எங்கை விடுறது, அண்ணை?”

அன்புராசா பிள்ளையின் தொப்பியைக் காது மறைய இழுத்துவிட்டார். ஜூலியஸின் மனைவி பேர்ணடெற் போன வசந்தத்தில் இறந்திருந்தாள்.

அந்த வீட்டில் செத்தவர் இளவரசி ஒத்திலியா. இன்றைய வரைபடத்தில் இல்லாத ஒரு சின்ன நாட்டின் கடைசி இளவரசி. முதல் உலக யுத்தம் நாட்டைத் தின்றது. இரண்டாம் யுத்தம் மாளிகையைத் தின்றது. பிறகு லிஸ்பன், கப்பலில் ஹலிபாக்ஸ், மொன்றியல், கடைசியில் பின்கதவு சரியாகப் பூட்டாத இந்த வாடகை வீடு. இரண்டு வருஷமாக அந்த வீட்டைக் கூட்டித் துடைத்தவன் ஜூலியஸ். ஜெர்மனியிலிருந்து உறவினர் ஒருவர் போன் எடுத்துச் சொல்லியிருந்தார்: படங்களைக் கட்டி வை, மற்றதை வீசு, மூடி போட்ட அந்த வெள்ளிச் செப்பை மட்டும் தொடாதே, நாளை என் ஆள் வந்து எடுப்பான்.

செப்பு உள்ளறை மேசையில் இருந்தது. அன்புராசா அதைக் கையில் எடுத்து ஆட்டப் போனார்.

“ஆட்டாதேங்கோ. அதுக்குள்ளை அவவின்ரை மகளின்ரை இருதயம்.”

அன்புராசா அதை மெல்ல வைத்துவிட்டுக் கையைக் காற்சட்டையில் துடைத்தார். “நான் மிளகாய்த்தூள் பேணி எண்டெல்லோ நினைச்சன்.”

அந்தக் குடும்பத்தில் உடலை ஓரிடத்திலும் இருதயத்தை இன்னோரிடத்திலும் அடக்குவது வழக்கம். லியோனி ஆறு வயதில், தப்பி ஓடும் வழியில், ரயிலிலேயே காய்ச்சலில் போனாள். உடலை ஏதோ ஒரு ஸ்ரேஷனுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். இருதயத்தைக் குடும்ப வைத்தியர் எடுத்துக் கொடுத்தார். முன்னோரின் கல்லறை எதிரியின் கையில் இருந்தது. அதனால் இருதயம் தாயோடு நாடு நாடாக அலைந்தது. அடக்கம் செய்யப்படவே இல்லை.

ஜூலியஸ் வேலை முடிந்து புறப்படும்போது வாசலில் நின்று “போட்டு வாறன்” என்பான். அதற்கு என்ன அர்த்தம் என்று கிழவி ஒருநாள் கேட்டார். போய்விட்டுத் திரும்பி வருவேன் என்று அர்த்தம் சொன்னான்.

“எங்கள் வீட்டில் போனவர்கள் ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை,” என்றார் அவர். பிறகு உள்ளறைக்குப் போய், அவன் திரும்பி வருவான் என்று செப்பிடம் சொன்னார்.

அன்று படங்களைக் கட்டி முடிக்கையில் வீடு நன்றாக இருண்டுவிட்டது. மெழுகு மணம். நனைந்த கம்பளியின் மணம். அதற்குள் குழந்தையின் வாயில் வரும் பால் மணம்.

உள்ளறையில் அனோஜா யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ஆரோடை கதைக்கிறாய்?”

“அவவோடை. அவவுக்குக் குளிருதாம், அப்பா.”

அவன் அவளைத் தூக்கிக்கொண்டான். செத்த வீட்டில் சொல்லிக்கொண்டு புறப்படுவதில்லை. அன்புராசா வாய் திறக்காமல் படியிறங்கினார். ஜூலியஸ் விளக்கை அணைத்தான். இரண்டு வருஷப் பழக்கம், நாக்கு முந்திவிட்டது.

“போட்டு வாறன்.”

உள்ளே, இருட்டில், யாரோ மூச்சு விட்டார்கள்.

சின்ன மூச்சு.

அதன் பிறகு ஒவ்வொரு பொழுதுபடும் வேளையிலும் அனோஜா குளிர்ந்தாள். சென் ஜேம்ஸ் ரவுணில் அவர்களுடைய அப்பார்ட்மென்ற்றில் ஹீற்றர் கொதித்தது. அவளுடைய கைகள் மட்டும் பனிக்கட்டி. சாப்பாட்டைத் தள்ளினாள். கதவைப் பார்த்தபடி இருந்தாள். டொக்டர் ஒரு குறையும் இல்லை என்றார். பிள்ளை மெலிந்துகொண்டே போனாள்.

“அப்பா, வாறன் எண்டு சொன்னனீங்களாம். ஏன் போகேல்லை?”

“ஆர் சொன்னது?”

“அவ. காத்துக்கொண்டு நிண்டவவாம். இப்ப இஞ்சை வந்திட்டா.”

ஜூலியஸ் கட்டிலில் உட்கார்ந்தான். பேர்ணடெற்றின் ஒரு காலடிக்காக, ஒரு மணத்துக்காக எத்தனையோ நாள் இந்த அறையிலேயே விழித்திருந்தவன் அவன். அவள் வரவில்லை. யாருடைய பிள்ளையோ வந்து நிற்கிறது.

றோஸ்மேரி அக்கா கேட்டுவிட்டுச் சிலுவை போட்டாள். “அங்கை போய் உன்ரை சொல்லைத் திருப்பி எடு, தம்பி. வாசல்லை நிண்டு ‘போறன்’ எண்டு சொல்லு.”

“அந்தச் சொல்லை ஆரக்கா சொல்லுறது?”

“உயிரோடை இருக்கிறவைக்குத்தான் சொல்லக் கூடாது.”

பேர்ணடெற்றின் பெட்டியை இறக்கும்போதுகூட அவன் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

மறுநாள் பொழுதுபட அவன் தனியாகப் போனான். பின்கதவு தள்ளியதும் திறந்தது. உள்ளறை மேசை வெறுமையாக இருந்தது. செப்பு ஜெர்மனிக்குப் போய்விட்டது. தூசிக்குள் அது இருந்த இடம் மட்டும் வட்டமாகத் தெரிந்தது.

பால் மணம்.

“லியோனி.” அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. “நான் போறன். இனி வரமாட்டன்.”

ஒரு சத்தமும் இல்லை.

அவன் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். தெருவின் பனியில் அவனுடைய சப்பாத்துச் சத்தம் மட்டும் கூட வந்தது.

றோஸ்மேரி அக்கா அப்பார்ட்மென்ற் கதவிலேயே நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. “உடம்பிலை சூடு வந்திட்டுது, தம்பி! ஒரு கோப்பை பிட்டுச் சாப்பிட்டவள். திரும்பவும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவள். ரெண்டு ஆளின்ரை பசி!”

அக்கா போனதும் அவன் மகளின் பக்கத்தில் படுத்தான். அவளுடைய கன்னம் சிவந்திருந்தது. கை சுட்டது. பேர்ணடெற் போன நாளிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. அழுது முடித்து, தூங்கும் பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்தான்.

இடது பக்கத்தில் இருதயம் சின்னப் பறவைபோல வேகமாக அடித்தது.

போதும் என்று நினைத்தான். அதுவே போதும்.

அனோஜா தூக்கத்தில் புரண்டாள். அவனுடைய காது வலது பக்கத்துக்கு வந்தது.

அங்கேயும் ஒன்று அடித்தது.

மெதுவாக. விட்டு விட்டு. வெகுதூரம் வந்து களைத்து, ஒரு வழியாக உட்கார இடம் கிடைத்ததுபோல.

ஜூலியஸ் அசையவில்லை. பறவைபோல அடித்தது இப்போது கொஞ்சம் வேகம் குறைந்திருந்தது. மற்றது கொஞ்சம் கூடியிருந்தது.

அவன் காதை எடுக்கவில்லை. எடுத்தால் எது நிற்கும் என்று அவனுக்குத் தெரியவில்லை.