ஸ்கைஹாக்கின் கண்ணாடி மூடி

மாடல் விமானத்தின் விமானி மூடிக்குள் மறுபடியும் பனி படிந்திருந்தது. கிரீஷுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. சூப்பர் க்ளூ ஆவி பட்டால் பிளாஸ்டிக் கண்ணாடி வெளுத்துவிடும் என்பது மாடல் விமானம் ஒட்டுகிற எவனுக்கும் தெரியும். அதற்காகவே அந்த எழவைத் தொடாமல் வெள்ளைப் பசையால் ஒட்டியிருந்தான். அப்படியும் பனி. அதுவும் ஒரேயடியாக வெளுத்துத் தொலையாமல், வருவதும் போவதுமாக.

மந்தைவெளி ஃபிளாட்டில் எல்லா ஜன்னலையும் சாத்தி, உள்ளறை ஃபேனைக்கூட நிறுத்தியிருந்தான். ஈரப் பெயின்ட்டில் ஒரு தூசு விழுந்தால் மாதக்கணக்கான வேலை பாழ். தின்னர் நெடியோடு, அனு குடிக்காமல் வைத்த கஞ்சியின் புளித்த வாசமும் ஹாலில் தேங்கி நின்றது. மாடலை வாங்கிக்கொள்ள சாயங்காலம் விஜயராகவன் சார் வந்துவிடுவார். கடற்படையில் இருந்தவர். மூடி பளிங்கு மாதிரி இருக்க வேண்டும் என்று போனில் உயிரை எடுத்திருந்தார்.

விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பும் குட்டித் தாக்குதல் ஜெட் ஸ்கைஹாக். ஐம்பதுகளில் அமெரிக்கக் கடற்படை அனுமதித்த எடையில் ஏறக்குறைய பாதியிலேயே செய்து காட்டினார்கள். கப்பலில் இடம் போதாமல் மற்ற விமானங்கள் இறக்கையை மடக்கும். இதற்கு அந்த வேலையே இல்லை, அவ்வளவு சின்னது. ஆனாலும் கிட்டத்தட்ட தன் வெற்று எடை அளவுக்குக் குண்டு சுமக்கும். வியட்நாமிலும் ஃபாக்லாந்திலும் சண்டை போட்டது. நெருக்கடியெல்லாம் விமானிக்குத்தான், இரண்டு தோளும் உரசும். கிரீஷ் விமானி பொம்மை வைக்கவில்லை. இருக்கை காலி.

"கிரீஷ்..." உள்ளறையிலிருந்து மனைவி அனுவின் குரல். மூன்று நாள் காய்ச்சல். "ஃபேனாவது போடேன். மூச்சு முட்டிக்கினு கீது."

"பெயின்ட் காயல அனு! கொஞ்சம் பொறுத்துக்கயேன்."

"எழுந்துக்க முடியல. ரெண்டு பக்கமும் இடிக்குது."

காய்ச்சலில் உளறுகிறாள். அவ்வளவு பெரிய கட்டிலில் தனியாகப் படுத்திருப்பவளுக்கு எது இடிக்கும்? மதியம் கஞ்சி கொடுத்தபோதும் இப்படித்தான், மெரூன் ஸ்டிக்கர் பொட்டைக்கூட எடுக்காமல் சுருண்டு கிடந்தாள். பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் வந்தது.

லென்ஸை வைத்துப் பார்த்தான். பனி விரிந்தது. சுருங்கியது. விரிந்தது. பசை ஓரத்தில் எங்கோ ஊசிமுனை இடைவெளி இருக்க வேண்டும், அது வழியாகத்தான் ஈரம் இறங்குகிறது. சனியன்! சூப்பர் க்ளூவையே எடுத்து விளிம்பு முழுக்க ஓட்டினான். ஓரம் வெளுத்தால் வெளுத்துத் தொலையட்டும்.

உள்ளறையில் இருமல். ஒன்று. பிறகு விடாமல்.

பனி வேகமாக வந்தது. போனது. வந்தது.

தட்டும் சத்தம். நகத்தால் தட்டுவதுபோல. கதவில் இல்லை. மேஜையில்.

"அனு?"

இருமல் நின்றது. தட்டலும். பனி மெல்ல விலகி மூடி தெளிந்தது. அப்பாடா என்று ஒரு கணம் நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதியே அவனை உலுக்கியது.

ஓடினான். கட்டிலில் யாரும் இல்லை. தலையணைப் பள்ளம் இன்னும் சூடாக இருந்தது. பாத்ரூம் திறந்து கிடந்தது, அங்கும் இல்லை.

திரும்பி வந்து கத்தியை எடுத்தான். மூடியின் விளிம்பில் குத்தினான். பசை இறுகிவிட்டது. மறுபடி குத்தினான். கத்தி முனை உடைந்தது.

கண்ணாடியின் உட்பக்கம். கடுகைவிடச் சின்னதாக ஒரு மெரூன் பொட்டு ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே துளிப் பனி வந்தது.

போனது.

திரும்ப வரவில்லை.