கொம்பு வைத்த தாய் யானை

ஜூலை 14, செவ்வாய். நேற்று ஒட்டகச்சிவிங்கி ஏழு என்று எழுதியது தப்பு. மரத்துக்குப் பின்னால் போய்த் திரும்பி வந்த ஒன்றை இரண்டு முறை எண்ணிவிட்டேன். ஆறுதான்.

எழுதியதைச் சந்திரலேகா ஒருமுறை படித்துப் பார்த்தாள். ஆறு என்பதாவது சரிதானா என்று சந்தேகம் வந்தது. ‘ஆறுதான்’ என்பதை அடித்துவிட்டு, ‘ஆறாக இருக்கலாம்’ என்று மாற்றினாள்.

கல்வராயன் மலையில் அவளுடைய ஊர் மாலை வகுப்பில் பதினாறு பிள்ளைகள். பாடம் முடிந்ததும், வகுப்பு எடுக்கும் கலையரசி அக்கா தன் போனை மூன்றாவது ஜன்னலில் சாய்த்து வைப்பார். அந்த ஜன்னலில் மட்டும்தான் சிக்னல் நிற்கும்.

ஆப்பிரிக்காவில், கென்யா நாட்டுக் காட்டில், ஒரு குட்டையின் கரையில் கேமரா வைத்திருக்கிறார்கள். அங்கே எந்த விலங்கு தண்ணீர் குடிக்க வந்தாலும் அப்போதே இந்தப் போனில் தெரியும். சிங்கம் வந்திருக்கிறது. காண்டாமிருகம் வந்து சேற்றில் புரண்டிருக்கிறது. பன்னிரண்டு நாளாக எது எத்தனை மணிக்கு வந்தது என்று சந்திரலேகா குறித்து வந்தாள். பார்த்ததை வரையவும் செய்தாள்.

அன்று வகுப்புக்குக் காசிநாதன் சார் வந்திருந்தார். கள்ளக்குறிச்சியில் ஓவிய ஆசிரியர். அங்கே நடக்கப்போகும் சிறுவர் ஓவியக் கண்காட்சிக்கு இந்த ஊரிலிருந்து மூன்று படம் எடுத்துப்போக வந்தவர். சந்திரலேகா வரைந்த எதுவும் இதுவரை மலையை விட்டு இறங்கியதில்லை.

இரண்டு படத்தை எடுத்து வைத்த சார், மூன்றாவதாக ஒரு யானைப் படத்தைத் தூக்கிப் பிடித்தார்.

“நல்லா வந்திருக்கு. யாரு போட்டது?”

“நான்தாங்க சார்.” சந்திரலேகா எழுந்து நின்றாள்.

“இது அம்மா யானை தானே? கன்னுக்குப் பால் குடுக்குது. அப்புறம் கொம்பு எதுக்கும்மா? பொட்ட யானைக்குக் கொம்பே கிடையாது. வெள்ளை பெயின்ட் தரேன். கொம்ப மூடிடு. எடுத்துக்கினு போறேன்.”

“இருக்குதுங்க சார். நான் பாத்தேன்.”

“நாப்பது வருசமா யானை வரையறேன் நான். எந்தக் கோயில்லயாவது கொம்பு வச்ச பொட்ட யானையப் பாத்திருக்கியா?”

“கோயில் யானைய நான் பாத்ததே இல்லீங்க சார். இதத்தான் பாத்திருக்கேன்.”

பின்வரிசையிலிருந்து சந்தோஷ் குரல் கொடுத்தான். “சார், அவ ஒட்டகச்சிவிங்கியவே ரெண்டு தபா எண்ணுனவ. இன்னொரு தப்பும் இருக்குது பாருங்க. கன்னு முன்னங்கால்ல போயி பால் குடிக்குது. எங்க வூட்டு மாட்டுக்கு மடி பின்னாலதான் இருக்குது.”

வகுப்பே சிரித்தது. சிரிக்காமல் இருந்தது கலையரசி அக்காவும் பெயின்ட் டப்பாவும்தான்.

சந்திரலேகாவுக்குக் காது சூடாகிவிட்டது. ஒருவேளை தப்பாகப் பார்த்துவிட்டோமா? நோட்டைப் புரட்டினாள். ஐந்தாம் நாள், குட்டி முன்னங்கால் நடுவில் தலையை விட்டது, தாய்க்குக் கொம்பு உண்டு. எட்டாம் நாளும் அதே. பதினோராம் நாளும் அதே. ஒட்டகச்சிவிங்கியை ஒரே ஒரு நாள்தான் எண்ணினாள். இதை மூன்று நாள் பார்த்திருக்கிறாள்.

சார் பிரஷ்ஷை நீட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“மூட மாட்டேங்க சார்.”

“அப்படின்னா கண்காட்சியில வைக்க முடியாதும்மா. பாக்கறவங்க சிரிப்பாங்க.”

“வைக்காட்டி போவட்டும் சார். ஆனா கொம்ப மூட மாட்டேன்.” ஜன்னலில் இருந்த போனைக் காட்டினாள். “ஆறே முக்காலுக்கு யானைங்க வரும். நீங்களே பாருங்க.”

சார் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு மணிக்குக் கடைசி பஸ். “சரி, பாக்கலாம்” என்று ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஆறே முக்காலுக்கு வரிக்குதிரைகள் வந்தன. ஆறு ஐம்பதுக்கு ஒரு காட்டெருமை வந்து, தண்ணீர் குடிக்காமல் கேமராவையே முறைத்தது.

“உன்னத்தான் பாக்குது, சந்தோஷ்” என்றாள் முன்வரிசையிலிருந்த ஷாலினி.

ஆறு ஐம்பத்தைந்து. யானை வரவில்லை. வெளியே பஸ் ஹாரன் கேட்டது. சார் எழுந்தார்.

“பன்னெண்டு நாள்ல மூணு நாள் ஏழுக்கு மேலதான் வந்துச்சிங்க சார்” என்றாள் சந்திரலேகா. “இன்னிக்கும் அப்படி ஆவலாம். வராமலும் போவலாம்.”

“இருந்து பாக்கலாம்தான். பஸ் நிக்காதே.” சார் இரண்டு படங்களை மட்டும் சுருட்டிக்கொண்டு படியிறங்கினார். யானைப் படம் மேசையிலேயே கிடந்தது.

“அப்பவே மூடியிருக்கலாம் இல்ல?” என்றான் சந்தோஷ்.

“கொம்பு இருக்குது. இருக்கறத எதுக்கு மூடணும்?” அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை. அழுகை வந்தது. அழுதால் திரை சரியாகத் தெரியாது என்று அடக்கிக்கொண்டாள்.

அப்போது திரையின் ஓரத்தில் ஏதோ அசைந்தது. ஒரு பெரிய காது. பிறகு தும்பிக்கை. அதன் இரு பக்கமும் நீண்டு வளைந்த இரண்டு கொம்புகள். காலுக்குக் கீழே ஒரு குட்டி ஓடி வந்தது. தாய் நின்றதும் அதன் முன்னங்கால்களுக்கு நடுவில் தலையை நுழைத்தது.

சந்தோஷ் வாயைப் பிளந்தான். “அடியே, அங்கதான் குடிக்குது.”

“அப்புறம் பேசிக்கலாம். ஓடு. பஸ்ஸ நிறுத்து.”

அவன் ஓடினான். கிளம்பிய பஸ்ஸின் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றான்.

“டேய், இன்னாடா?” என்று டிரைவர் தலையை நீட்டினார்.

“யானை பால் குடுக்குதுண்ணே. சார் வந்து பாக்கணும்.”

சார் இறங்கினார். என்ன யானை என்று பார்க்கக் கண்டக்டரும் இறங்கினார். பலாப்பழத்தோடு உட்கார்ந்திருந்த சாமியம்மாள் பழத்தை சீட்டில் வைத்துவிட்டு அவரும் இறங்கினார். மூன்றாவது ஜன்னலைச் சுற்றி ஒரே தலைகளாக இருந்தது.

சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“யானைக்கு மாரு மனுசங்க மாதிரி முன்னால இருக்குது பாரேன்” என்றார் சாமியம்மாள்.

“கொம்பும் இருக்குது” என்றார் சார் மெதுவாக. “நம்மூரு பொட்ட யானைக்கு இப்படி வராது. இந்த நாட்டு யானைக்கு வருதும்மா. தப்பு என்னோடதுதான்.”

கண்டக்டர் விசில் ஊதினார். “கொம்பு பாத்தாச்சி இல்ல? ஏறுங்க, ஏறுங்க.”

சார் யானைப் படத்தைச் சந்திரலேகாவிடம் நீட்டினார். “கீழ எழுதித் தா. எந்த ஊரு யானை, எத்தன நாள் பாத்தன்னு. இல்லாட்டி என்னைய மாதிரி ஒருத்தர் வந்து மூடச் சொல்லுவாரு.”

‘கென்யா நாட்டுத் தாய் யானை. மூன்று நாள் பார்த்து வரைந்தது’ என்று எழுதிவிட்டு, மூன்றை அடித்து நான்கு ஆக்கினாள். படம் மற்ற இரண்டோடு சேர்ந்து சுருண்டு, மலையை விட்டு இறங்கப் பஸ் ஏறியது.

வீட்டுக்கு வந்ததும் சந்திரலேகா நோட்டை எடுத்தாள்.

யானைகள் 7.04-க்கு வந்தன. பெரியவை ஒன்பது, குட்டி ஒன்று. இரண்டு முறை எண்ணினேன்.

நாளை செய்ய வேண்டியது: காண்டாமிருகம் வந்தால், அதன் காலில் எத்தனை விரல் என்று எண்ண வேண்டும். படத்தில் நான்கு போட்டிருக்கிறேன்.