மாடியில் ஐந்து கோடு

காலை 10.07. கீழ் வீட்டில் சின்னவளின் குரல் பாதியில் அறுந்தது.

திரையில் மருத்துவர் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுபோனார். பக்கத்துக் கட்டத்தில் நோயாளிப் பெண் எதையோ கேட்டாள். கேள்வியில் பாதிதான் வந்து சேர்ந்தது. டாக்டர் பேசுவதை நோயாளிக்கும், நோயாளி பேசுவதை டாக்டருக்கும் மொழிபெயர்த்துச் சொல்வதுதான் சின்னவளின் வேலை. மூன்று வாரமாக இதே கூத்து. நிறுவனம் கடைசி வாய்ப்பு கொடுத்திருந்தது: இன்று 12.30க்குச் சோதனை அழைப்பு. அதிலும் அறுந்தால் வேலை போச்சு.

மாடியில் தையல் மெஷின் முன்னால் இருந்த பெரியவளுக்குக் கீழே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கேட்டதும் மனசுக்குள் ஒரு சின்னக் குளிர்ச்சி. பாவம்தான், தெரியும். ஆனால் என்ன செய்வது, வந்துவிட்டதே.

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட இரண்டு மருமகள்கள். பெரியவள் பதினொரு வருடமாகத் திரைச்சீலையும் மெத்தை உறையும் தைக்கிறாள். ஒருவர்கூட வந்து எட்டிப் பார்த்ததில்லை. சின்னவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். அதற்குள் அவளுக்குத் தனி அறை, கதவில் 'சத்தம் போடாதீர்' என்று அட்டை, வைஃபை பெட்டியும் கீழ்க்கூடத்தில். கைப்பேசியில் அவளுக்கு எப்போதும் நிறைய சிக்னல் கோடு. மாடியில் இரண்டு. பெரியவளுக்கு வயிறு எரிந்தது என்றால் எரியாமல் என்ன செய்யும்?

10.20. நாத்தனார் வந்து சேர்ந்தாள். இணைய இணைப்புக் கொடுக்கும் நிறுவனத்தில் புகார் கேட்கும் வேலை அவளுக்கு. எதைச் சொன்னாலும் "எத்தனை மணிக்கு?" என்று கேட்பாள் என்பதால் வீட்டில் அவளுக்கு 'உளவுத்துறை' என்று பெயர்.

வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காக விடாமல் சின்னவளின் கணினியில் கறுப்புக் கட்டம் ஒன்றைத் திறந்து வைத்தாள். எண்கள் வரிசையாக ஓடின.

"நாம பேசறதைத் துண்டு துண்டா வெட்டித்தான் அனுப்புது, சின்னண்ணி. நூறு துண்டு போனா முப்பது வழியில தொலையுது." கணினியைக் கூடத்துக்குத் தூக்கிப் போய் வைஃபை பெட்டியில் ஒயரைச் செருகினாள். "இப்ப ஒண்ணுகூடத் தொலையல. அப்போ வெளி லைன்ல கோளாறு இல்ல. வீட்டுக் காத்துலதான் திருட்டு."

"எப்ப ஆரம்பிச்சுது?" என்று அவளே கேட்டாள்.

"மூணு வாரம் முன்னாடி, ஒரு புதன்கிழமை."

"தினமுமா?"

"செவ்வாய்க்கிழமை மட்டும் வராது. மத்த நாள் பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சு ஒரு மணி வரைக்கும்." சின்னவள் குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் புதன்கிழமைதான் அக்கா வந்து இந்தப் பெட்டியைத் துடைச்சாங்க. நான் ஒண்ணும் சொல்லல. சும்மா சொன்னேன்."

மாடிப்படியில் நின்ற பெரியவளின் காதில் விழுந்தது. ஒண்ணும் சொல்லல, சும்மா சொன்னேன். எவ்வளவு அழகாகப் போட்டுக் கொடுக்கிறாள்!

11.05. விசாரணை மாடிக்கு வந்தது.

"செவ்வாய்க்கிழமை நீங்க எங்க, பெரியண்ணி?"

"தைச்சதைக் கடைகளுக்குக் கொடுக்கப் போவேன்."

"மத்த நாள்?"

"பத்துக்கு மெஷின்ல உக்காருவேன். ஒரு மணிக்கு எழுந்திருப்பேன்."

கீழே நின்ற சின்னவள் சட்டென்று நிமிர்ந்தாள். "பாத்தீங்களா! மேல மெஷின் ஓடினாத்தான் கீழ அறுந்துபோகுது."

பெரியவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஆமாம்மா, நீ பேசணும்னா நான் தைக்கக் கூடாது. அதையும் ஒரு அட்டையில எழுதி மாட்டிடு." அடுத்த நிமிடமே வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. நிஜமாகவே தன் மெஷின்தான் காரணம் என்றால்? வேண்டுமென்றே செய்தாள் என்றுதானே ஊர் பேசும். மனசுக்குள் நினைத்ததை யார் முன்னால் மறுப்பது?

நாத்தனார் எதற்கும் பிடி கொடுக்கவில்லை. கணினியை ஒயரிலிருந்து கழற்றிச் சின்னவளின் அறைக்குத் திருப்பி அனுப்பினாள். "பெரியண்ணி, தைக்காம சும்மா உக்காருங்க. சின்னண்ணி, எண்ணைப் படிங்க."

"முப்பத்தி ரெண்டு தொலைஞ்சிருக்கு."

"மெஷின் பிளக்கைப் புடுங்குங்க."

"முப்பத்தி நாலு."

பெரியவள் பெருமூச்சு விட்டாள். காரணம் மெஷின் இல்லை.

"இப்ப சுவர் சுவிட்சை அணைங்க."

ஒரு நிமிடம் போயிற்று. கீழிருந்து சின்னவளின் குரல் வந்தது. "பூஜ்யம்!"

"உங்க கம்ப்யூட்டர்ல இப்ப எத்தனை கோடு?"

"மூணு. அறுந்துட்டு இருக்கும்போது அஞ்சும் முழுசா இருந்துச்சே. ஏன் இப்படி?"

நாத்தனார் சிரித்தாள். பெரியவள் பக்கம் திரும்பினாள். "உங்க போன்ல, அண்ணி?"

"ரெண்டுதான். எனக்கு எப்பவும் அதான் எழுதியிருக்கு. தைக்கும்போது மட்டும் நல்லா இருக்கும். பாட்டு கேட்டுக்கிட்டே தைப்பேன், எழுந்து வந்தா ஓஞ்சுபோயிடும்."

"மூணு வாரமாவா?"

பெரியவள் யோசித்தாள். "இருக்கும். ஏன்?"

நாத்தனார் மண்டியிட்டு, மேஜைக்கு அடியில் சாய்த்து வைத்திருந்த திரைத்துணிச் சுருள்களை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டாள். சுவரோரம் எக்ஸ்டென்ஷன் பலகை. அதில் மெஷின் பிளக், விளக்கு பிளக், மூன்றாவதாக உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி.

பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சத்தியமா இது எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிருந்தா கோடு எப்படி ஏறுதுன்னு என்கிட்ட இவ்வளவு வெளிப்படையா சொல்லியிருப்பீங்களா?"

12.05. பெரியவளின் கணவர் சாப்பிட வந்தார். லிஃப்ட் மெக்கானிக், கையில் இன்னும் கிரீஸ் வாசம். வெள்ளைப் பெட்டி மேஜை மேல் இருப்பதைப் பார்த்ததும் அவர் முகமே வாக்குமூலம் எழுதிவிட்டது.

"குற்றவாளி இவர்தான்," என்றாள் நாத்தனார். "இது கீழ இருக்கற சிக்னலை வாங்கித் திரும்ப வீசற பெட்டி. அண்ணா, இதுக்கு வேற பேரு வெச்சிருந்தா ஒரு வம்பும் இல்ல. கீழ இருக்கற அதே பேரு, அதே பாஸ்வேர்டு ஏன் வெச்சே?"

"ரெண்டு லிஃப்டுக்கும் ஒரே பட்டன்தானே வைப்போம்? எது பக்கத்துல இருக்கோ அது வரும்."

"அதான் வந்துச்சு. சின்னண்ணி ரூம் இதுக்கு நேர் கீழ. பத்து மணிக்கு அண்ணி சுவிட்சைப் போட்டதும் அவங்க கம்ப்யூட்டர் கூடத்துப் பெட்டியை விட்டுட்டு இதுக்குத் தாவிடுது. கோடு அஞ்சும் நிறையுது. ஆனா இந்தப் பெட்டிக்கே சிக்னல் ரெண்டு சுவரு தாண்டி நொண்டிக்கிட்டு வருது. கோடு கம்மியானாத்தான் கோளாறுன்னு எல்லாரும் பாத்தீங்க. அதிகமானதை யாரும் பாக்கல."

பெரியவள் கணவரையே பார்த்தாள். "எதுக்கு வாங்கினீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "தினமும் சாயங்காலம் அதே பாட்டு. 'அவளுக்கு நிறைய, எனக்கு ரெண்டு.' சரி, உனக்கும் நிறைய வரட்டும்னு பாத்தேன்."

"என்கிட்ட சொன்னா என்ன?"

"சொன்னா, 'அவளுக்குக் கொடுத்தப்புறம்தான் எனக்கா?'ன்னு கேப்பே."

சொல்லியிருப்பாள்தான். அதே வார்த்தை, அதே மூச்சில். பெட்டியை வைத்தது அவர், சுவிட்சைப் போட்டது அவள் கை. இரண்டுக்கும் பின்னால் இருந்தது அவள் வயிற்றெரிச்சல்.

12.20. அவள் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். நாத்தனார் கூட வரப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"நீ நினைச்சது சரிதான், என்னாலதான்," என்றாள் சின்னவளிடம். "துடைச்சதால இல்ல. உன் மேல எனக்குப் பொறாமை. அதைக் கேட்டுக் கேட்டு அவர் இதை வாங்கி மாட்டினார். இனிமே அறுந்துபோகாது, போய்ப் பேசு."

சின்னவள் ஏதோ சொல்ல வந்தாள். நேரமாகிவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டாள்.

12.30 முதல் 12.55 வரை பெரியவள் கூடத்திலேயே நின்றாள். உள்ளே குரல் ஒரே சீராக ஓடியது. எங்காவது ஒரு சொல் அறுந்துவிடக் கூடாதே என்று தன் நெஞ்சு அடித்துக்கொள்வது அவளுக்கே வேடிக்கையாக இருந்தது.

கதவு திறந்தது. "வேலை நிலைச்சுது, அக்கா." சொன்னாளே தவிர, சின்னவள் சிரிக்கவில்லை. அவள் பார்வை பெரியவளின் கையில் இருந்த பெட்டி மேல் போய் நின்றது.

"நீங்க கேக்காமலேயேவா மாமா இதை வாங்கினார்?"

"ம்."

"நான் மூணு வாரமா தினமும் போன்ல அழுதேன். என் வீட்டுக்காரர் வெளியூர்ல இருந்துக்கிட்டு, 'கம்பெனிக்குச் சொல்லு'ன்னு போனை வெச்சிடுவார்." சின்னவள் பெட்டியை விரலால் லேசாகத் தொட்டுப் பார்த்தாள். "உங்களுக்கு மட்டும் எப்படி அக்கா?"

அந்தக் கண்ணை, அந்த இழுத்த உதட்டைப் பெரியவளுக்கு நன்றாகத் தெரியும். மூன்று மாதமாகத் தன் முகத்தில் இருந்ததுதான். பாவம் என்று தோன்ற வேண்டும், தோன்றவும் செய்தது. ஆனால் அதற்கு ஒரு நொடி முன்னால் அவளுக்கு எவ்வளவு இனித்தது என்பதை அவள் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.