இறங்குகிற காற்று

நாற்பத்தொரு நாள் அந்த எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி நின்றிருந்தது. நாற்பத்தொரு நாளும் சஃப்ரீன் அதைத் தன் கையாலேயே அழித்திருந்தாள்.

அழித்ததில் திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை. அந்த வேலையில் எல்லோரும் செய்வதுதான். தாராவியில் அவள் குடியிருக்கும் வீட்டு மொட்டைமாடியில், அவள் வேலை பார்க்கும் ஆராய்ச்சித் திட்டத்துக்காக ஒரு கம்பம் நட்டிருந்தார்கள். உச்சியில், மூன்று ஜோடி விரல்கள் ஒன்றையொன்று தொடாமல் நீட்டிக்கொண்டிருப்பதுபோல ஒரு கருவி. அவை தமக்குள் ஒலியை அனுப்பி, அது போய்ச் சேரும் நேரத்தைக் கொண்டு, காற்று எந்தப் பக்கம் போகிறது, ஏறுகிறதா இறங்குகிறதா என்று நொடிக்கு இருபது தடவை எழுதிவைக்கும். தகரக் கூரைகள் நகரத்துக் காற்றை எப்படிக் கலக்கிவிடுகின்றன என்று பார்ப்பதுதான் நோக்கம். மத்தியான வெயிலில் தகரம் கொதிக்கும்போது அதன் மேலிருக்கும் காற்று மேலே எழும். இதைச் சொல்லக் கருவியே வேண்டாம். கூரைக்கு மேல் சுழன்று ஏறும் பிளாஸ்டிக் பையைப் பார்த்தாலே போதும். ஆனால் இந்தக் கம்பத்தில் மட்டும் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் காற்று கீழே இறங்குவதாகக் கழித்தல் குறி வந்தது.

“கம்பம் சாஞ்சிருக்கும்மா. வேறென்ன?” என்றாள் திட்டத் தலைவி பாகீரதி, மாட்டுங்காவிலிருந்து போனில். “ரொட்டேட் பண்ணி ஜீரோவாக்கிடு. டெய்லி என்னைக் கேட்டுண்டிருக்காதே.”

கம்பம் ஒரு விரற்கடை சாய்ந்தாலும் பக்கவாட்டில் போகிற காற்று கீழே போவதுபோலக் கணக்கில் வரும். அதனால் கணக்கிலேயே அச்சைத் திருப்பி, ஏற்ற இறக்கத்தின் சராசரியைப் பூஜ்யமாக்கிவிடுவது வழக்கம். சாய்வதற்குக் காரணமும் கைவசம் இருந்தது. கம்பத்தை இழுத்துக் கட்டிய கம்பிகளில் எதிர்வீட்டுப் பேராச்சி அக்கா ஈரச் சேலை காயப்போடாத நாளில்லை. கேட்டால், “ஓன் கம்பம் காத்தத்தான பாக்கு? ஏன் சேலையும் காத்துதான கேக்கு!” என்பாள். அவளோடு மல்லுக்கட்டுவதைவிடத் தினமும் பூஜ்யமாக்குவது சுலபம்.

அக்டோபர் மாதத்து அந்தச் செவ்வாய்க்கிழமைதான் சஃப்ரீன் சாய்வு பார்க்கும் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள். உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. கீழே சந்தில் தையல் மெஷின்களின் இரைச்சலும், தோல் ஒட்டும் சொல்யூஷனின் காரமான வாடையும், யாரோ மீன் பொரிக்கும் வாசனையும் ஒன்றாக ஏறிவந்தன. கம்பத்தின் நாலு பக்கமும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தாள். நாலு பக்கமும் குமிழி அசையாமல் நடுவில் நின்றது.

கம்பம் சாயவே இல்லை.

தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து, திருத்தாத பழைய எண்களை ஒவ்வொரு நாளாக விரித்தாள். முதல் நாள் இறக்கம் கண்ணுக்கே தெரியாத அளவு. பத்தாம் நாள் அதில் இரண்டு மடங்கு. நேற்றைய கோடு கிணற்றுக்குள் விட்ட வாளி மாதிரி இறங்கியிருந்தது. இடையில் வந்த வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கழித்தல் குறியே இல்லை. வெள்ளியன்று காற்று ஒழுங்காக மேலே போயிருந்தது. ‘காற்றுக்கும் ஜும்மா உண்டு போல’ என்று அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் புருஷன் நசீர் வீட்டில் இருப்பதில்லை. தொழுகை முடிந்து அப்படியே தாதருக்கு ஜிப்பும் துணியும் வாங்கப் போய்விடுவான். மற்ற நாளெல்லாம் கீழே உள்ள தோல் பை தைக்கும் பட்டறையைப் பூட்டிவிட்டு, சாப்பிட்டு, இரண்டு மணிக்கு மேலறையில் ஒரு தூக்கம் போடுவான். ஸ்கூல் விட்டு வரும் மகள் மெஹக்கும் ஓடிப்போய் வாப்பாவின் நெஞ்சில் படுத்துக்கொள்வாள். அந்த அறை, இந்தக் கம்பத்துக்கு நேர் கீழே.

அவள் பயப்படக்கூடாது என்று நினைத்தாள். நினைக்க நினைக்க, ஒதுக்கிவைத்ததெல்லாம் ஒவ்வொன்றாக முன்னால் வந்து நின்றது. நசீர் ஒரு மாதமாகப் பேசும் விதம். மூச்சை உள்ளுக்கு இழுத்துக்கொண்டே பேசுகிறான். “சாப்ட்டியாட்டி” என்பது வெளியே வராமல் தொண்டைக்குள் போகிறது. சொல்யூஷன் நெடிதான் என்று டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் முதுகில் குழாயை வைத்து, மூச்சை இழுக்கச் சொல்லி “சாஸ் லோ” என்றார். பிறகு மூச்சை விடச் சொல்லி “சாஸ் சோடோ” என்றார். மறுபடி “சோடோ, பாய், சோடோ” என்றார். குழாயைக் கழற்றிவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமல், வாயில் வைத்து இழுக்கிற ஒரு பம்ப் எழுதிக் கொடுத்தார். அடுத்தது மெஹக். ஆறு வயதுப் பிள்ளை. ஜூனில் வாங்கிய யூனிஃபார்ம் இப்போது தோளிலிருந்து நழுவுகிறது. நேற்றுப் பாடப் புத்தகத்தை வாசிக்கும்போது ஒரு வரி முடிவதற்குள் இரண்டு தடவை நின்றாள்.

திரையின் மூலையில் மணி 2:14. எண் கீழே போய்க்கொண்டிருந்தது.

சஃப்ரீன் எழுந்தாள். சந்தின் இரைச்சல் குறைந்திருந்ததுபோல் இருந்தது. மெஷின்கள் ஓடத்தான் செய்தன, சத்தம்தான் அவளிடம் வந்து சேரவில்லை. மீன் வாசனை போய்விட்டது. சொல்யூஷன் வாடை போய்விட்டது. அவள் துப்பட்டாவின் நுனி காலருகே தரையைப் பார்த்து விறைத்து நின்றது. இரும்பு ஏணியில் இறங்கினாள். ஒவ்வொரு படியிலும் முதுகில் ஒரு கை வைத்து மெல்லத் தள்ளுவதுபோல.

அறைக் கதவு மூடியிருந்தது. வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு. இழுத்தாள், வரவில்லை. ஏணிக் கம்பியில் காலை ஊன்றி இழுத்தபோது ஒரு ஆள் நுழையும் அளவுக்குப் பிளந்தது. உள்ளே நுழைந்த மறுகணம், தானாகவே மூடிக்கொண்டது.

மின்விசிறி சுவிட்ச் அணைந்திருந்தது. இறக்கைகள் சுற்றிக்கொண்டிருந்தன. எதிர்த்திசையில்.

நசீர் பாயில் மல்லாந்து கிடந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. மெஹக் அவன் நெஞ்சில் குப்புறக் கிடந்தாள். அவள் தலைமுடி முழுவதும், ஒரு இழை விடாமல், அவன் வாயைப் பார்த்து நீண்டு நின்றது.

சஃப்ரீன் அவன் நெஞ்சைப் பார்த்தாள். அது ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. இறங்கட்டும் என்று காத்திருந்தாள். மனசுக்குள் எண்ணினாள். முப்பது. அறுபது. இறங்கவில்லை.

மெஹக்கின் முதுகைப் பார்த்தாள். அது இறங்கிக்கொண்டே இருந்தது.

“மச்சான்.”

அவன் கண்ணைத் திறந்தான். தூக்கத்திலிருந்து விழித்த கண் அல்ல. வெகுநேரமாக விழித்தே கிடந்த கண். அதில் இருந்த பயம் அவளுடைய பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஓரத்தில் திரண்ட கண்ணீர் காதுப்பக்கம் வழியாமல், கன்னத்தில் ஏறி, வாய்க்குள் போனது.

“நிப்பாட்ட முடியலட்டி,” என்றான். சொல் உள்ளே போயிற்று. “எம்புட்டோ பாத்துட்டேன். புள்ளயத் தூக்கிட்டு ஓடு.”

அவனைத் தொட அவளுக்குக் கை கூசியது. பத்து வருஷம் கூட வாழ்ந்தவனை. அதற்காக வெட்கப்படவும் நேரமில்லை. பிள்ளையை வாரித் தூக்கினாள். கனமே இல்லை. பஞ்சு திணிக்காத பொம்மையைத் தூக்கியதுபோல் இருந்தது. தோளில் சாய்ந்த தலை மறுபடி அவன் பக்கமே திரும்பிக்கொண்டது.

கதவைத் தள்ளினாள். அசையவில்லை. தோளால் இடித்தாள். உதைத்தாள். கதவு சுவராகிவிட்டது.

ஜன்னல். கம்பி போட்ட ஜன்னல். கைநீட்டும் தூரத்தில் எதிர்வீட்டு ஜன்னல். அங்கே பேராச்சி அக்கா நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சஃப்ரீன் கம்பிகளுக்கிடையே கையை விட்டு ஆட்டினாள். பேராச்சி நிமிர்ந்தாள். வாயெல்லாம் சிரிப்பாக, கத்தியோடு சேர்த்துத் தானும் கையை ஆட்டினாள். பிறகு குனிந்து அடுத்த காயை எடுத்தாள்.

பின்னால் நசீர் ஏதோ சொன்னான். அழுதான் போல. எல்லாம் உள்ளேயே போனது.

தோளில் மெஹக் இன்னும் கொஞ்சம் தட்டையானாள்.

கத்தினால் போதும். ஒரே ஒரு சத்தம். பேராச்சிக்குக் கேட்கும், சந்துக்கே கேட்கும். சஃப்ரீன் நெஞ்சு நிறைய மூச்சை இழுக்கப் பார்த்தாள். வரவில்லை. இருக்கிற மூச்சிலேயே கத்த வாயைத் திறந்தாள்.

மூச்சு வெளியே போனது. சத்தமில்லாமல், அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டு, பின்பக்கமாகப் போனது. வாயை மூடப் பார்த்தாள்.

போய்க்கொண்டே இருந்தது.