மைனஸ் நாற்பது காட்டிய வண்டி

மெர்ல் சவாட்ஸ்கி எழுந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். இரவு முழுவதும் எஞ்சினைச் சூடாக வைத்திருந்த ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கி, வண்டியின் முகப்பில் செருகினார். கண்ணாடியில் உறைந்திருந்ததைச் சுரண்டினார். பட்டறைக்கு ஓட்டிப்போய்க் காபி போட்டார். உதிரிப் பாகங்கள் விற்கும் மேசைக்குப் பின்னால் தங்கை பானி வந்து உட்கார்ந்து ரேடியோவைத் திருகினாள். கனடாவின் சஸ்காட்செவனில் மார்ச்சிலும் காலை இப்படித்தான்.

டார்சி ஹோலவாட்டி வந்தான். உட்காரவில்லை. முந்தின நாள் கொண்டுவந்து விட்ட தன் பழைய பிக்கப் வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தான். கோட்டின் ஜிப்பை மேலே இழுத்தான், கீழே இழுத்தான்.

ஜனவரியில் அந்த வண்டி வயல்களுக்கு நடுவே நின்றுபோனது. போன் எடுக்காத இடம். ஓட்டிவந்த அவன் மனைவி லியான் இறங்கி நடந்தாள். மறுநாள் உடலைக் கண்டெடுத்தார்கள்.

"அதுக்கு முந்தின வாரம் எஞ்சின் லைட் எரிஞ்சுது. வெப்ப சென்சார்னு காட்டுச்சு. நானே புதுசு வாங்கி மாட்டினேன். லைட் அணைஞ்சுது. அப்புறம் இப்படி. நான் தப்பா மாட்டிட்டேனா, மெர்ல்? அது மட்டும் தெரியணும்."

"போலீஸ் என்ன சொன்னாங்க?"

"வண்டியை இழுத்துட்டுப் போனவன் கருவி வச்சுப் பார்த்தான். எஞ்சின் மைனஸ் நாப்பதுன்னு வந்துது. வெளிய மைனஸ் முப்பத்தெட்டு. குளிர்ல நின்னுடுச்சுன்னு முடிச்சுட்டாங்க."

மெர்ல் ஒரு காகிதக் கிளிப்பை வளைத்து, டாஷ்போர்டுக்கு அடியிலிருந்த துளைகளில் செருகினார். எஞ்சின் விளக்கு சிமிட்டியது. ஒரு முறை, இடைவெளி, ஐந்து முறை.

"பதினஞ்சாம் நம்பர்," என்றாள் பானி எட்டிப் பார்த்து. "வெப்ப சென்சார். குற்றவாளி சிக்கியாச்சு. கேஸ் முடிஞ்சுது."

"புகார் எங்கேருந்து வந்துதுன்னுதான் லைட்டு சொல்லும். யார் செஞ்சாங்கன்னு சொல்லாது."

கருவியைப் பொருத்தினார். மைனஸ் நாற்பது.

"பானி, இங்க குளிருதா?"

"அரைக்கை பனியனோட நிக்கிறேன். பார்த்தா தெரியல?"

"ராத்திரி பூரா வண்டியும் இதே சூட்டுலதான் நின்னுது. எஞ்சின் எப்படி மைனஸ் நாப்பதாகும்? கருவிக்குத் தெரிஞ்ச கடைசி எண் அது. கம்பி அறுந்தாலும் அதைத்தான் காட்டும். தெற்கே எங்கயாவது இருந்தா உடனே சந்தேகம் வந்திருக்கும். நம்ம ஊர்ல பொருத்தமா இருந்துது, நம்பிட்டோம்."

சென்சாரைக் கழற்றி மீட்டரில் இணைத்து, சூடான காபியில் முக்கினார். சூடு ஏற ஏற மின்தடை எண் ஒழுங்காக இறங்கியது.

"அது என் கப்பு," என்றாள் பானி.

"சென்சார் நல்லாருக்கு. டார்சி, நீ மாட்டினதும் சரி."

டார்சி நின்றான். பிறகு மறுபடியும் நடந்தான். "அப்ப ஏன் நின்னுது?"

மெர்ல் சென்சாருக்குப் போகும் கம்பியை விரலால் தடவிக்கொண்டே வந்தார். முகப்புக்குப் பக்கத்தில் விரல் நின்றது. மேலுறை முழுசாக இருந்தது. உள்ளே செம்பு அறுந்து, அந்த இடம் மட்டும் குழைந்தது. அங்கே, இரவில் சுவரில் செருகும் எஞ்சின் ஹீட்டரின் ஒயரையும் சேர்த்து வெள்ளை டேப் சுற்றியிருந்தது. அந்த ஒயரின் பிளக் வளைந்திருந்தது.

"சுவர்லேருந்து கழட்டாமயே யாரோ ஓட்டியிருக்காங்க," என்றாள் பானி. "ஊர்ல செய்யாத ஆள் இல்ல, ஒத்துக்கிட்ட ஆளும் இல்ல. அண்ணனே மூணு தடவை."

"ரெண்டு," என்றார் மெர்ல். "ஹீட்டர் ஒயர் இழுத்த இழுப்புல இதுவும் அறுந்திருக்கு. டார்சி, நீ சென்சார் மாட்டினப்ப கம்பி அசைஞ்சு, அறுந்த முனைங்க தொட்டுக்கிச்சு. லைட் அணைஞ்சுது. அன்னைக்குத் திரும்ப விலகியிருக்கு. எஞ்சின் கொதிக்குது, கம்ப்யூட்டரோ அது உறைஞ்சு கிடக்குதுன்னு பெட்ரோலை ஊத்துது. ஸ்பார்க் பிளக்கெல்லாம் நனைஞ்சா அப்புறம் கிளம்பாது."

"நான் அப்படி ஓட்டல, மெர்ல்."

மெர்ல் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "மிச்சமும் தெரிஞ்சே ஆகணுமா?"

"ஆகணும்."

"நீ ஒயர் கட்டினா என்ன டேப் எடுப்ப?"

"கருப்பு. பிளாஸ்டிக்."

"இது துணி. ஒரு சுத்து மேல அடுத்த சுத்து பாதி ஏறி, மட்டைக்குச் சுத்துற மாதிரி சுத்தியிருக்கு. உங்க வீட்ல ஹாக்கி ஆடறது யாரு?"

பானி ரேடியோவை அணைத்தாள்.

"லியான்," என்றான் டார்சி.

"அவதான் கழட்டாம ஓட்டியிருக்கா. பிஞ்சதை அவளே கட்டியிருக்கா. உன்கிட்ட சொல்லக் கூச்சமா இருந்திருக்கும். இதுக்கும் லைட்டுக்கும் சம்பந்தம் இருக்குன்னு அவளுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது."

டார்சி அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்தான்.

"அன்னைக்கு டவுன்லேருந்து கிளம்பறப்ப அவ எனக்கு போன் பண்ணினா," என்றான். "கடைசியா என்ன சொன்னான்னு எல்லாரும் கேட்டாங்க. உன்னை ரொம்பப் பிடிக்கும்னு சொன்னதா பாதிரியார்கிட்ட சொன்னேன். சர்ச்ல அதைப் படிச்சாரு. அவ அப்படிச் சொல்லல. சொன்னது என்னன்னு எனக்கே புரியல, இன்னைக்கு வரைக்கும்."

"என்ன சொன்னா?" என்றாள் பானி.

"'வீட்டுக்கு வந்து ஒண்ணு சொல்றேன். நீ சிரிக்கக் கூடாது.'"