யோகனின் பேணி

"செத்த பிள்ளைக்கும் கைக்காசோ? உந்த மூண்டாம் பேணியைக் காணக் காண எனக்கு வயிறு பத்துது!"

குசினி வாசலில் நின்று சொல்லிவிட்டு நாகேஸ்வரி உலக்கையை எடுத்துக்கொண்டு போனாள். அயல் வீடுகளுக்கு நெல் குத்திக் கொடுப்பவள். புருஷன் இறந்தபின் தம்பி தவராசாவின் வீட்டோடு வந்திருப்பவள். மச்சாள் எதைச் சொன்னாலும் தவராசாவின் மனைவி கமலாசனி திருப்பிச் சொல்வதில்லை. மூன்று வருஷமாக, யார் ஏசினாலும் அவள் பதில் சொல்வதில்லை.

நிலத்தில், அறையிலிருந்து எடுத்து வந்த மூன்று பால்மாத் தகரப் பேணிகள் இருந்தன. மூடிகளில் காசு போகிற அளவுக்கு வெட்டு. முட்டை விற்ற காசில் சனிக்கிழமை தோறும் பேணிக்குப் பத்துச் சதம் விழும். பதினொரு வயது விமலேஸ்வரிக்கு ஒன்று. ஏழு வயது நடராசாவுக்கு ஒன்று. பென்சிலோ இனிப்போ அதற்குள்தான் வாங்க வேண்டும். வாங்கியதைக் கொப்பியில் எழுத வேண்டும். காசு முடிந்தால் அடுத்த சனிக்கிழமை வரை பொறுக்க வேண்டும்.

நடராசாவின் கையில் நகத்தளவு பென்சில் கிடந்தது.

"ஒரு அஞ்சு சதம் கூடத் தாங்கோவன் அம்மா..."

"போன கிழமை என்ன வாங்கினனீ?"

"தோடம்பழ இனிப்பு."

"எத்தினை நாளைக்குக் கிடந்தது?"

"பள்ளிக்கூடம் போய்ச் சேருமட்டும்..."

"பென்சில் எத்தினை நாளைக்கு வேணும்?"

அவன் யோசித்தான். "அக்காட்டைக் கடன் கேக்கட்டோ?"

"கேள். வட்டி எவ்வளவு எண்டும் கேள்," என்றாள் விமலேஸ்வரி.

மூன்றாவது பேணி யோகனுடையது. இருந்திருந்தால் இப்போது ஒன்பது வயது. அதில் போடுவது மட்டும்தான், எடுப்பது இல்லை.

ஆனால் அந்தப் பேணி பாரமாகிக்கொண்டு வந்தது. பேணிகள் வைத்த ஐந்தாம் கிழமை கமலாசனி தனியே இருந்து திறந்து எண்ணினாள். ஐம்பது சதம் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று ரூபா! மூடி வைத்தாள். யாருக்கும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு, மத்தியானத்தில் வீடு அடங்கிக் கிடக்கும்போது அறைக்குள் 'ணங்' என்று ஒரு சத்தம் கேட்கும். அவள் கையில் அகப்பை நின்றுவிடும். போய்ப் பார்க்கமாட்டாள். பார்த்தால் யோகன் வராமல் விட்டுவிடுவானோ என்று பயம்.

மூன்று வருஷத்துக்கு முன் யோகனுக்குக் காய்ச்சல் தலைக்கேறியது. தவராசா சைக்கிளில் மாங்குளத்துக்கு ஓடினான். வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போகக் கார்க்காரன் பன்னிரண்டு ரூபாயைக் கையில் கேட்டான். கமலாசனியிடம் வைக்கக் கொடுத்த பன்னிரண்டு ரூபா இருக்கிறதே என்று தவராசா திரும்பி வந்தான். பெட்டியில் காசு இல்லை. "எங்கையடி காசு?" என்று கத்தினான். அவள் வாய் திறக்கவில்லை. மாட்டு வண்டியில், அவள் மடியில், பாதி வழியில் பிள்ளை குளிர்ந்து போனான். அன்றிலிருந்து தவராசா யோகனின் பெயரைச் சொன்னதில்லை.

நடராசா பென்சிலுக்குக் கடன் கேட்டுக்கொண்டு நிற்கும்போதே, மண்வெட்டி எடுக்க வயலிலிருந்து வந்த தவராசா குசினியில் நின்றான்.

"காசைப் பற்றிப் படிப்பிக்க உனக்கு என்ன தகுதி இருக்கு? வீசுறன் பார் இதை!"

யோகனின் பேணியைத் தூக்கினான். கை பாரத்தில் தாழ்ந்தது.

"இதென்ன பாரம்... எனக்கு ஒளிச்சுச் சேர்க்கிறியோ? அண்டைக்கும் இப்பிடித்தானே ஒளிச்சனீ!"

நிலத்தில் கொட்டினான். காசுகள் உருண்டன. விமலேஸ்வரி பழக்கத்தில் குந்தி எண்ணினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கொப்பியைப் பார்த்தாள்.

"கணக்குப் பிழை, அப்பா."

"குறையுதோ?"

"இல்லை, கூடுது. கூடினாலும் பிழைதானெண்டு அம்மா சொன்னவ. இருபத்துநாலு கிழமை... ரெண்டு ரூபா நாப்பது சதம் இருக்கவேணும். பதின்மூண்டு ரூபா தொண்ணூறு சதம் கிடக்கு. கூடக் கிடக்கிறது பதினொண்டரை ரூபா. எல்லாம் ஐம்பது சதக் குத்தி."

"அண்ணாதான் போடுறான்," என்றான் நடராசா மெல்ல.

தவராசாவின் முகம் வெளிறியது. அடுத்த கணம் கோபம் இன்னும் மூண்டது.

"அக்கா! இனி இந்த வீட்டுக் காசும் பிள்ளையளும் உங்கடை பொறுப்பு. இவளை நாளைக்கே யாழ்ப்பாணம் பஸ்ஸிலை ஏத்திவிடுறன்!"

கமலாசனி பிள்ளைகளை இறுக்கிப் பிடித்தாள். வாசலில் உலக்கை விழுந்த சத்தம் கேட்டது.

"ஏத்திறதெண்டால் என்னை ஏத்து, தம்பி..."

நாகேஸ்வரி சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்தாள். ஒரு ஐம்பது சதக் குத்தி. அதைக் காசுகளின் மேல் வைத்தாள்.

"இப்ப பன்ரண்டு."



"ஆக்களின்ரை சீட்டுக் காசை நான் செலவழிச்சுப் போட்டன். மானம் போகப்போகுதெண்டு இவளின்ரை காலிலை விழுந்தன். ரெண்டு கிழமையிலை தாறனெண்டு வாங்கினனான்... உனக்குச் சொல்லக்கூடாதெண்டு யோகன்ரை தலையிலை கை வைப்பிச்சுச் சத்தியம் வாங்கினன். நாலாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல்... ஐயோ! திருப்பிக் குடுக்க எனக்கு முகமில்லை. இவள் இந்தப் பேணியை வைச்சபிறகுதான் ஒரு வழி தெரிஞ்சுது. நெல்லுக் குத்தின காசிலை, ஆளில்லாத நேரம்..."

தவராசா சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"ஏன் கமலாசனி... அவன் போனபிறகெண்டாலும் எனக்குச் சொல்லியிருக்கலாமே!"

"அவன்ரை தலையிலை செய்த சத்தியம்," என்றாள் அவள். "அவனுக்கெண்டு என்னட்டை மிஞ்சினது அதுதான். அதையும் உடைக்கச் சொல்லுறீங்களோ?"

அவன் குந்தியிருந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். நாகேஸ்வரி கமலாசனியின் கால்களைப் பிடித்தாள்.  கமலாசனி குனிந்து அந்தக் கைகளை எடுத்தாள். உலக்கை பிடித்து வெடித்துப்போன கைகள்.

"எழும்புங்கோ மச்சாள்..."

நாகேஸ்வரி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். கமலாசனிக்கு மட்டும் கண்ணீர் வரவில்லை.

"விமலா, கொப்பியிலை எழுது," என்றாள். "மாமி, பன்ரண்டு ரூபா. இது கார்க் காசு. இந்த வீட்டிலை ஒருத்தருக்கு நோயெண்டு ஏலாமல் வந்தால் தவிர தொடுறேல்லை."

அடுத்த சனிக்கிழமை மூன்றாவது பேணிக்கான பத்துச் சதத்தைத் தவராசா கேட்டு வாங்கினான்.

"இது... யோகனுக்கு," என்று சொல்லிப் போட்டான்.

விமலேஸ்வரி எண்ணினாள். பதினாலு ரூபா ஐம்பது சதம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 'சரி' என்று எழுதிக் கீழே கோடு போட்டாள்.

மத்தியானம் வீடு அடங்கியது. கமலாசனி அகப்பையைப் பிடித்தபடி அடுப்படியில் நின்றாள். கறி கொதித்து வற்றும்வரை நின்றாள். அறைக்குள் ஒரு சத்தமும் இல்லை.

அப்போதுதான் அவள் அழுதாள்.

"கணக்குச் சரியாத்தானே கிடக்கு அம்மா... பிறகேன் அழுறியள்?"

"ஓம் பிள்ளை... சரியாத்தான் கிடக்கு."