வளையமானியின் மேல் ஒரு மகோகனிப் பலகை

காலை ஒன்பது மணிக்கு, மரத்தின் வளையங்களைப் படிக்கும் வளையமானி வனநீதிமன்றத்தோடு இணையும். பச்சை விளக்கு எரிந்த பிறகுதான் எங்கள் கிட்டங்கியில் பலகை எதையும் அதன் மேசையில் வைக்கலாம். செங்கோட்டையில் மிச்சமிருக்கும் நான்கு மரக்கடைகளிலும் இதுதான் நடைமுறை.

அன்று நாகர்கோவிலிலிருந்து மெர்லின் வந்திருந்தாள். பேஸ் கித்தார் வாசிப்பவள். புதிதாகச் செய்யும் கித்தாருக்கு மேல்பலகை தேடினாள். அது உடல்மரத்தின் மீது ஒட்டும் ஆறு மில்லிமீட்டர் தகடு. ஒரே பலகையைக் கனத்தின் நடுவே இரண்டாகப் பிளந்து, புத்தகம்போல் விரித்து ஒட்டினால், இருபுறமும் கோடுகள் ஒன்றையொன்று பார்த்து நிற்கும்.

"இது வெங்கே. ஆப்பிரிக்கா மரம். தட்டிப் பாரு" என்றேன்.

விரல்முட்டியால் தட்டிக் காதை வைத்தாள். "நல்லாத்தான் இருக்கு, பெரியம்மா. ஆனா ஹெட்மிஸ்ட்ரஸ் பேசுத மாதிரி இருக்கு."

என் தம்பி சங்கரலிங்கம் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. பூபிங்கா என்ற இன்னொரு ஆப்பிரிக்க மரத்தை எடுக்க அடுக்குப் பக்கம் போனேன்.

திரும்பியபோது வளையமானியின் மேசையில் வேறொரு பலகை கிடந்தது. சுவரைப் பார்த்து நாற்பத்தோரு வருடம் நின்ற மகோகனி. மெர்லினைக் கவரும் உற்சாகத்தில் சங்கரலிங்கம் தூக்கி வந்திருக்கிறான். வாசிப்பு தொடங்கி, விளக்கு சிவப்பாகிவிட்டது.

"ஏலே, என்னல காரியம் பண்ணிட்ட!"

"யக்கா, அதும் நம்ம பலகைதானே?"

2048-இல் உலகெங்கும் வெட்டுத்தடை வந்தது. அதற்கு முன் விழுந்த மரம் மட்டுமே செல்லும். வளையமானி மரம் விழுந்த ஆண்டைச் சொல்லிவிடும்; தொடங்கிய வாசிப்பை நிறுத்த முடியாது; முடிவு நேராக நீதிமன்றத்துக்குப் போகும். தடைக்குப் பிந்தியது என்றால் கடையின் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கும். மூன்று தலைமுறைக்கு அந்தக் குடும்பம் மரத்தைத் தொடக்கூடாது.

எங்கள் கடையில் பலகை வந்த ஆண்டை அதன் முனையில் சிவப்பு வண்ணத்தால் எழுதுவது வழக்கம். இதில் அப்பாவின் கையெழுத்தில் இருந்தது 2053. எங்கிருந்து வந்தது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் முதுகு வளையாது. கள்ளமரம் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அதன் பிறகு அவர் பதினோரு வருடம் இருந்தார். அவ்வளவு காலமும் ஒரே வீட்டில், கடை விஷயம் தவிர அவரிடம் நான் எதுவும் பேசியதில்லை.

வாசிப்புக்கு நான்கு நிமிடம். நாற்காலியில் உட்காராமல் நின்றேன்.

"தண்ணி குடிங்க, பெரியம்மா. முகம் என்னமோ மாதிரி ஆயிட்டு" என்றாள் மெர்லின்.

"எனக்கு ஒண்ணுமில்ல."

திரையில் எழுத்துகள் வந்தன. கியூபா மகோகனி. மரம் விழுந்த ஆண்டு 1871, இரண்டு மூன்று ஆண்டு முன்பின். ஒரு முகத்தில் பழைய அரக்கு மெருகின் தடம். மறுமுகத்தில் பன்னிரண்டு திருகாணித் துளைகள், அதே மரத்தூளால் அடைக்கப்பட்டவை. மேசைப்பலகையாக இருந்திருக்கலாம். செல்லும்.

"குத்தாலத்துல அந்தத் துரை பங்களாவ இடிச்சாங்கல்லா, யக்கா" என்றான் சங்கரலிங்கம். "அங்கிருந்து அப்பா ஒரு சாப்பாட்டு மேசை கொண்டாந்தாங்க. நான்தான் வண்டியில கூடப் போனேன். ஒனக்குத் தெரியாதா?"

"எங்கிட்ட ஏன்ல சொல்லல?"

"நீ எப்ப கேட்ட?"

பலகையைப் புரட்டி விரலால் தடவினேன். பன்னிரண்டு துளைகளில் ஒன்றுகூடக் கைக்குத் தட்டுப்படவில்லை. அவ்வளவு சுத்தமாக அடைத்திருக்கிறார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். மூச்சு வயிறு வரை இறங்கியது. கூடவே, அந்தப் பதினோரு வருடமும் வந்து மடியில் உட்கார்ந்தது.

மெர்லின் அதற்குள் பலகையைத் தட்டிவிட்டாள். தணிந்த, உருண்ட சத்தம். "இதுதான் வேணும். பிளக்கலாமா, பெரியம்மா?"

"பிளக்கலாம்."

"சான்றிதழ்ல மரம் கொடுத்தவர் பேரு கேக்கு. உங்க பேரு, உலகம்மாள்னு போடட்டா?" என்றாள் மெர்லின்.

"வேண்டாம்" என்றேன். "திருமலைக்கொழுந்துன்னு போடு. எங்க அப்பா."